‘ஆடுஜீவிதம்’ புதினத்தில் ஆவணமும் விடுதலையும்

முன்னுரை

பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆடுஜீவிதம்’ தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. பாலைவனத்தில் ஒருவன் பட்ட துயரின் கதையாகவும் இறைநம்பிக்கையின் வெற்றியாகவும் இப்புதினம் வாசிக்கப்படுவது வழக்கம். அயல்நாட்டுத் தொழிலாளியின் வாழ்வை ஆவணங்கள் எவ்வாறு தீர்மானிக்கின்றன என்னும் நோக்கில் இக்கட்டுரை அதனை அணுகுகிறது.

கஃபாலா முறையும் நஜீபும்

வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில், தொழிலாளியின் நுழைவும் தங்கும் உரிமையும் கஃபீல் எனப்படும் ஒரே பொறுப்பாளரைச் சார்ந்தவை. ‘இக்காமா’ என்னும் வதிவிட அட்டை இல்லாதவர் எந்நேரமும் கைதாகக்கூடும். ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், விசா பெற்று ரியாத் விமான நிலையத்தில் இறங்குகிறான். அழைத்துச் செல்பவர் தன் கஃபீல்தானா என்று கேட்டறிய அவனிடம் அரபு மொழி இல்லை. மூன்றாண்டுகளுக்கும் மேலான ஆட்டுப்பட்டி வாழ்வு அங்கிருந்தே தொடங்குகிறது.

அணிவகுப்புக் காட்சி

தப்பிவந்த நஜீபும் ஹமீதும் வலியச் சென்று காவல்துறையிடம் பிடிபட முயல்கின்றனர்; ஆவணமற்றோர் ஊர் திரும்ப அதுவே எஞ்சிய வழி. சிறையின் அடையாள அணிவகுப்பில், ஓடிப்போனோரைத் தேடி முதலாளிகள் வருகின்றனர். ஹமீதை அவனுடைய முதலாளி இழுத்துச் செல்கிறான். நஜீபின் அர்பாபோ அவனை அடையாளம் கண்டும் விட்டுச் செல்கிறான். அதற்குக் காரணம் இரக்கமன்று. நஜீப் அவனது விசாவில் வந்தவன் அல்லன் என்பதே. இங்கு உரிய தாள் உடையவன் மீண்டும் சிறைப்படுகிறான். தாள் இல்லாதவன் மீள்கிறான்.

புதினத்தின் எல்லை

தன்மைக்கூற்றில் அமைந்த இப்புதினத்தில் நஜீப் தன் மீட்சியை இறையருளாகக் காண்பது இயல்பே. ஆனால், அர்பாபின் கொடுமை விரிவாகவும் ஹமீதின் முடிவு சுருக்கமாகவும் சொல்லப்படுவதால், கொடுமை ஒரு தனிமனிதனின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. ஹமீதை இழுத்துச் சென்றவன் சட்டத்தை மீறவில்லை, அதனைப் பயன்படுத்தினான். அதுவே கூடுதலாக அஞ்சத்தக்கது.

முடிவுரை

2021 மார்ச்சில் சவூதி அரேபியா, முதலாளியின் ஒப்புதலின்றிப் பணி மாறவும் நாடு விட்டுச் செல்லவும் தனியார்துறைத் தொழிலாளர்க்கு வழிசெய்தது. வீட்டுப் பணியாளரும் ஆடுமேய்ப்போரும் அச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. நஜீப் செய்த தொழிலே விலக்கப்பட்டது என்பது, இப்புதினத்தை ஆவண அரசியலின் பிரதியாக வாசிக்க வேண்டியதன் தேவையை உறுதிப்படுத்துகிறது.