‘பார்’ என்னும் துணைவினையும் கொரிய மொழியும்

‘பார்’ என்னும் வினை கண்ணின் தொழிலை உணர்த்துவது. ஆயினும், ‘உண்டு பார்’ என்றவிடத்துக் கண்ணுக்கு வேலை இல்லை, நாவே அறிகின்றது. ஒன்றனைச் செய்து அதன் தன்மையை அறிதல் என்னும் பொருளில் அச்சொல் ஈண்டுத் துணைவினையாய் நிற்கின்றது.

கொரிய மொழியிலும் இவ்வழக்கு உண்டு. ‘மொக்’ என்பது உண்ணுதல். ‘பொதா’ என்பது பார்த்தல். ‘மொகொ பொதா’ எனின் உண்டு பார்த்தல். இத்தகைய ஒப்புமைகளைக் கண்டு இரு மொழியும் ஒருதாய் மக்கள் எனத் துணிவார் உளர். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகட்கும் ஒப்பிலக்கணமே இயற்றினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவு நிறுவப்பட்டதாகக் கொள்வதில்லை. எனினும், மேடைகளில் அக்கூற்று இன்னும் ஓய்ந்தபாடில்லை.

‘பார்’ என்பதனைச் சான்றாக்குவார்க்கு மறுமொழி தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நாம், இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ‘காலா பலன்ன’ என்னும் சிங்களத் தொடரைக் கேட்கின்றோம். ‘சாப்பிட்டுப் பாருங்கள்’ என்பதே அதன் பொருள். ‘பலன்ன’ என்பதும் பார்த்தற் சொல்லே. சிங்களமோ இந்தோ ஆரியக் குடும்பத்தது. யப்பானியரும் ‘தபெதெ மிரு’ எனப் பார்த்தல் வினையையே இவ்வாறு ஆள்வர். ‘பார்’ ஒன்று கொண்டே உறவு கூறின், சிங்களத்தையும் தமிழின் கிளை என்றல் வேண்டும். அஃது ஒவ்வாதன்றோ? செய்தறிதலைக் கண்டறிதலாகக் கருதுதல் பல மொழியினர்க்கும் இயல்பு. அண்டை மொழிகள் ஒன்றன் வழக்கை மற்றொன்று தழுவுதலும் உண்டு.

மேலும், ஒப்புமையில் மயங்குவோர் வேற்றுமையைக் காணத் தவறுவர். கொரியத்தில் ‘கா பொதா’ என்பது போய்ப் பார்த்தல். அதுவே இறந்தகாலத்தில் ‘கா ப்வத்தா’ என வரின், முன்னர்ச் சென்ற பட்டறிவையும் உணர்த்தும். நாமோ, ‘கண்டிக்குப் போய்ப் பார்த்தேன்’ என்றால், கேட்போர் ‘என்ன ஆயிற்று?’ என்பர். பட்டறிவைக் கூற நமக்குப் ‘போயிருக்கிறேன்’, ‘போனதுண்டு’ என்பனவே உரியன. இப்பின்னதற்குக் கொரியத்தில் நெருங்கிய இணை ‘கான் ஜொகி இத்தா’ என்பதாம். ‘போன வேளை உண்டு’ என்பது அதன் சொற்பொருள். இனி, ‘ஓடிப் பார்த்தான்’ என்பதில் ஓட்டம் நிகழ்ந்தது. ‘ஓடப் பார்த்தான்’ என்பதில் அது நிறைவேறவில்லை. ‘பொதா’ முன்னதற்கே பொருந்தும். பின்னதனை உணர்த்தக் கொரியர் செய்தல் வினையைத் துணையாகக் கொள்வர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தென்கொரியாவில் 2004இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதித் திட்டத்தின் வழியே செல்ல விழையும் நம் இளைஞர், கொரிய மொழித் தேர்வில் தேறுதல் வேண்டும். ‘தமிழே கொரியம்’ என்னும் பெருமிதம் தேர்வு மண்டபத்தில் அவர்க்குத் துணை வாராது. எங்கே தம் மொழியைப் பற்றி நடக்கலாம், எங்கே அதனை விடுதல் வேண்டும் என்னும் தெளிவே துணையாகும். அத்தெளிவை அளித்தல் தமிழாசிரியர் கடனுமாம்.