கனவுக்கு அப்பால் சதக்கத்துல்லாஹ் அப்பா

குளத்தூர், நாகலாபுரம், எட்டயபுரம் எனப் பரந்த கரிசற் சீமையில் உமறுப் புலவரை அறிந்தோர் ஒரு கனவுக் கதையையும் அறிவர். வள்ளல் சீதக்காதியின் விருப்பப்படி நபிகள் நாயகத்தின் (ஸல்) வரலாற்றைப் பாட முனைந்த உமறு, அதற்கான செய்திகளைப் பெறச் சதக்கத்துல்லாஹ் அப்பாவை (ரஹ்) அணுகினார். அரசவைக் கோலத்தில் வந்தவரை அப்பா ஏற்கவில்லை. பெருமானார் கனவில் தோன்றிய பின்னரே இசைந்தார் என்பது கதை.

இதைப் பொய்யென ஒதுக்குவது நம் நோக்கமன்று. ஆனால் அப்பாவைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இதனோடு நின்றுவிடுகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே ஹஸீதிய ஞானநெறியைத் தோற்றுவித்த பஅல் ஷேம் தோவ் 1760இல் மறைந்தார். அவர் தம் போதனைகளை நூலாக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் அச்சேறிய அற்புதக் கதைகளே அவரைப் பரவலாக அறியச் செய்தன. ஹஸீதியத்தை விளக்கிய மார்ட்டின் பூபர், போதனை நூல்களை விடுத்துக் கதைகளையே பெரிதும் சார்ந்தார் எனக் கெர்ஷோம் ஷோலெம் கண்டித்தார். அக்கண்டனம் நமக்கு இன்னும் பொருந்தும். அப்பா அரபியில் எழுதியவர் அல்லவா! வித்ரிய்யாவுக்கு அவர் இயற்றிய தக்மீஸை ஓதுவோர் உண்டு; பொருளறிந்து ஓதுவோர் எத்தனை பேர்?

1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த அப்பாவைத் தமிழ்ப் பாட்டை வெறுத்த ஆலிமாகக் காட்டவும் இக்கதை பயன்பட்டுவிடுகிறது. அவருடைய உடன்பிறந்தாரான ஸாம் ஷிஹாபுத்தீன் (ரஹ்) மார்க்கப் போதனைகளை எளிய தமிழ் மாலைகளாகப் பாடியவர். தமிழ் அவ்வீட்டுக்கு அந்நியமன்று. கடிகைமுத்துப் புலவரிடம் பயின்று, எட்டயபுரம் அரண்மனையில் பெயர் பெற்ற ஒருவரிடம் நபி வரலாற்றை ஒப்படைக்கலாமா என்ற பொறுப்புணர்வே அத்தயக்கம் எனக் கருதுகிறோம்.

விடை சீறாப்புராணத்திலேயே உள்ளது. நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல் விளைகிறது. மக்காவின் நிலம் அப்படிப்பட்டதன்று. உமறு வாழ்ந்த மானாவாரிக் கரிசலும் அப்படிப்பட்டதன்று. அது கம்பர் வழி வந்த நாடு. ஆயின் தீன், ஈமான், கலிமா என்னும் சொற்களோ பெயர்க்கப்படாமல் அப்படியே விருத்தத்துள் அமர்கின்றன. வருணனையைப் புலவருக்கு விட்டு, மார்க்கச் சொல்லை விட்டுக்கொடாத ஆசிரியர் ஒருவரின் கை இங்கே தெரிவதாக நாம் காண்கிறோம். 5027 செய்யுள்களோடு நின்றுபோன அக்காப்பியத்தைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வில் தொடர்ந்தபோதும் அச்சொற்கள் இடம் மாறவில்லை.