எண்பதுகளின் ஈழத்துக் கவிதையும் அரசு பற்றிய வினாவும்

1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதியை இன ஒடுக்குமுறையின் இலக்கியச் சான்றாகவே விமர்சகர் பலர் நோக்கியுள்ளனர். அந்நோக்குத் தவறானதன்று, எனினும் முழுமையானதுமன்று. அக்கவிதைகள் எதிர்கொண்ட அரசு எத்தகையது என்னும் வினா அதில் எழுவதில்லை.

1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களுடன் பதவியேற்ற ஐக்கிய தேசியக் கட்சி, திறந்த பொருளாதாரத்தைப் புகுத்திய அதேவேளை அதிகாரத்தையும் ஒருமுகப்படுத்தியது. 1978இன் அரசியல் யாப்பு நிறைவேற்றதிகாரச் சனாதிபதி முறையை நிறுவியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பங்குகொண்ட பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். அவ்வாண்டிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 டிசம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, சர்வசன வாக்கெடுப்பின் வழியே பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. 1983 ஆகஸ்டில் ஆறாந் திருத்தம் அமைதிவழிப் பிரிவினைக் கோரிக்கையையும் குற்றமாக்கியது; தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர்.

தொழிலாளரை ஒடுக்கியதும் தமிழரை ஒடுக்கியதும் ஒரே அரசுதான். ஆனால் ஒடுக்குமுறையின் வடிவம் ஒன்றன்று. தமிழர், தமிழராயிருந்தமைக்காகவே தாக்கப்பட்டனர். இவ்வேறுபாட்டை வர்க்கத்தின் பேரால் இரண்டாம் நிலைக்குத் தள்ளியமை முற்போக்கு விமர்சன மரபினராகிய நமது தவறு. மறுபுறம், வேலைநிறுத்தத்தை நினைவிற் கொள்ளாத தேசியவாத விமர்சனம், அரசையும் சிங்கள மக்களையும் ஒன்றெனக் கொண்டது.

எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இவ்விரு தவறுகளிலிருந்தும் விலகி நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமையே அதன் பொருள். அங்கு கொலையுண்பவர் புத்தர். கொல்பவர் சிவில் உடையணிந்த அரச காவலர். பௌத்தத்தின் காவலனெனத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அரசு, அதனைக் கொன்றே தன் வன்முறையை நடத்தவேண்டியுள்ளது என்னும் முரண்பாட்டைக் கவிதை காட்சியாக்குகிறது. இதனால் தாக்குதலின் இனத்தன்மை மறைவதில்லை; மதமும் ஆட்சியும் ஒன்றல்ல என்பதும் புலப்படுகிறது.

அதிகாரத்தின் தன்மையை விசாரியாத விமர்சனம், ஒடுக்குபவர் மாறும்போது ஊமையாகிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியான கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், மீளவில்லை. அரசின் கொடுமையைப் பாடிய கவிதைகளைப் போற்றிய நம்மிற் பலர், அப்போது மௌனமாயிருந்தோம். அம்மௌனத்தையும் ஆராய்வது விமர்சனத்தின் கடமையாகும்.