ஒன்றாக வந்து மூன்றாகப் பிரிவது

ஒரு பதிப்பகத்தின் ஆர்டர் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நிரப்பப்படுவது வேறொரு தளத்தில். பொத்தானை அமுக்கியதும் விவரங்கள் பதிப்பகத்தின் சர்வரில் வந்து விழுகின்றன: பெயர், முகவரி, கைபேசி எண், மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதி. விழும்போது எல்லாம் ஒரே நீளச் சரம்தான். இந்தப் பிரதிகள் இன்னாருடைய ஆர்டரைச் சேர்ந்தவை என்ற உறவு எதுவும் டேட்டாபேஸ் புரிந்துகொள்ளும்படி அதில் இல்லை. அதை வாடிக்கையாளர், ஆர்டர், உருப்படி என்று மூன்று டேபிள்களில் உறவு குலையாமல் உட்கார வைக்க வேண்டும். கோட் எழுதுகிறவர்களில் பலர் இதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குவார்கள். எழுதியவரின் கைநேர்த்தி எனக்குத் தெரிவது இங்கேதான்.

சரம் வரும் கோலமே ரசிக்கத்தக்கது. தமிழ் எழுத்து அதில் நேராக வராது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறும். ‘கோபால்’ யுனிகோடில் 6 குறிகள். சரத்தில் 54 இடம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் அனுப்பலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அனுப்பலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. டேபிளுக்கோ அவர்கள் இரண்டு வேறு கோபால்கள். தேர்ந்த கை, பெயரை வாசலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் உள்ளே விடும். இடைவெளிக்குக் கூட்டல் குறி வருவது இந்தச் சரத்தின் வழக்கம் என்பதால், அனுப்புகிறவர் அசந்தால் கைபேசி எண்ணின் முன்னாலிருக்கும் உண்மையான கூட்டல் குறி இங்கே வெற்றிடமாகிவிடும். டிக் செய்யாத பெட்டியோ ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. அது வரவே வராது. வராததை வராததாகவே படிக்கத் தெரிந்தவரை நான் மதிக்கிறேன்.

பிறகுதான் உறவு. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையின் மையம் எளிமையானது: தகவல்களுக்கு இடையிலான தொடர்பு வட்டில் எங்கோ இருக்கும் முகவரிகளால் அல்ல, தகவலுக்குள்ளேயே இருக்கும் மதிப்புகளால் நிற்கட்டும். உருப்படி தன் ஆர்டரின் எண்ணைத் தானே சுமந்துகொண்டு நிற்கும். அதனால் சேமிப்பதற்கு ஒரு முறை வந்துவிடுகிறது. முதலில் வாடிக்கையாளர், அவருக்குக் கிடைத்த எண்ணோடு ஆர்டர், ஆர்டருக்குக் கிடைத்த எண்ணோடு உருப்படிகள். முறை மாறினால், சுமக்கும் எண் அதற்குரிய டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியான ஃபாரின் கீ தடுத்து நிறுத்தும்.

அந்த எண்ணை வாங்கும் விதத்தில்தான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். ஆர்டரைப் போட்டுவிட்டு ‘டேபிளில் இருப்பதில் பெரிய எண் எது’ என்று கேட்கும் கோட் உண்டு. தனியாக இருக்கையில் ஒழுங்காக ஓடும். ஒரே நொடியில் இரண்டு ஆர்டர்கள் வந்தால் ஒருவரின் புத்தகங்கள் இன்னொருவரின் வீட்டுக்குப் போகும். போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸில், சேர்த்த வரிசையின் எண்ணைச் சேர்க்கும் கட்டளையே திருப்பிக் கொடுக்கும். மைஎஸ்க்யூஎல் கடைசி எண்ணை அந்தந்த இணைப்புக்கு மட்டும் சொல்லும். இரண்டிலும் ஊகத்துக்கு இடமில்லை.

மூன்று சேர்ப்பும், எல்லாம் நிற்கும் அல்லது எதுவும் நிற்காது என்ற உறுதியுள்ள ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது விலையின் இடம். படிவத்தோடு விலையும் வந்தால் நல்ல கோட் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அனுப்புகிறவர் அதில் ஒரு ரூபாய் என்றுகூட எழுதலாம். புத்தக டேபிளிலிருந்து விலையை எடுத்து உருப்படி வரிசையில் பதிக்கும். இருக்கும் தகவலை ஏன் இரண்டாம் முறை எழுத வேண்டும் என்று பாடம் மட்டும் படித்தவர் முகம் சுளிப்பார். இது வேறு தகவல். புத்தகத்தின் விலை நாளை ஏறலாம். கோபால் கொடுத்த விலை ஏறாது.

படிவத்தில் இல்லாத புலங்களும் வந்து சேரும். 2012 மார்ச்சில் ஒருவர், அனுமதிக்காத ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பியே கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில், ரெயில்ஸ் என்ற வலைக் கட்டமைப்பை எழுதும் குழுவின் கணக்குக்குள் தன் சாவியை நுழைத்துக் காட்டினார். எந்தெந்தப் புலத்தை ஏற்பது என்ற பட்டியலைக் கோட்டிலேயே எழுதும் பழக்கம் அதற்குப் பிறகு ரெயில்ஸ் உலகில் இறுகியது.

வெளியிலிருந்து அனுப்புகிற சர்வருக்குப் பொறுமை குறைவு. பதில் தாமதித்தால் அதே ஆர்டரை மறுபடி அனுப்பும். ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேடலுக்கும் சேர்ப்புக்கும் நடுவில் இன்னொன்று நுழைந்துவிடும். அனுப்புகிறவர் தரும் ஆர்டர் எண்ணை இரண்டாம் முறை வர முடியாததாக டேபிளிலேயே அறிவித்துவிட வேண்டும். மோதினால் ஒன்றும் செய்யாதே என்று சேர்க்கும் கட்டளையிலேயே சொல்லும் வசதி போஸ்ட்க்ரெஸ் 9.5இல், 2016இல் வந்தது. மறுபிரதிக்கும் ‘கிடைத்தது’ என்றே பதில் போகும். புதிய வரிசை எழாது.

ஆனாலும் அந்த முயற்சி ஓர் எண்ணைத் தின்றிருக்கும். போஸ்ட்க்ரெஸில் ஒருமுறை எடுத்த வரிசை எண், சேர்ப்பு ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் திரும்புவதில்லை. டேபிளில் 41க்கு அடுத்து 43 நின்றால் பழுது என்று பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணையே பில் எண்ணாக அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி விதி பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்கச் சொல்கிறது. அதற்குத் தனி எண்ணும், அதை ஏற்றத் தனி டேபிளும் வேண்டும்; மற்ற மூன்றும் எழுதப்படும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள்.