மென்பொருளைக் கொண்டு சேர்ப்பது எப்படி?
2005 தமிழ்க் குறுந்தகடு: ஒரு மதிப்பீடு

உலகத்துக்கே மென்பொருள் எழுதித்தரும் பெங்களூர், ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையோரமாக உள்ள ஊர் பேரிகை. அங்கிருந்து அந்தப் பெருநகரை ஒரு பேருந்துப் பயணத்தில் அடைந்துவிடலாம். ஆனால், மென்பொருள் பேரிகைப் பள்ளி மாணவனின் கைக்கு வந்து சேரும் தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. அது எந்தப் பொருளில் பதிந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அந்தத் தொலைவு கூடும், குறையும்.

இந்தக் கண்ணோட்டத்தில் நம் மொழியில் நடந்த ஒரு பெருமுயற்சியை மதிப்பிட்டுப் பார்ப்போம். 2005 ஏப்ரலில் மைய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் சி-டாக் நிறுவனமும் தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டன. எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், தமிழில் இயங்கும் அலுவலகத் தொகுப்பு, இணைய உலாவி, அகராதி முதலியன அதில் இருந்தன. விலை ஏதுமில்லை. இணையத்தளத்தில் பெயரும் முகவரியும் பதிந்தவர்களுக்கு அது அஞ்சலில் அனுப்பப்பட்டது.

தகட்டைத் தேர்ந்தது சரியா?

சரியே. கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு குறுந்தகட்டில் 650 மெகாபைட் வரை தகவல் அடங்கும். ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவோ 1.44 மெகாபைட். ஆகவே, ஒரு தகட்டுக்கு ஈடாக ஏறத்தாழ 450 நெகிழ்வட்டுகள் வேண்டும். எண்ணிக்கை பெருகினால் பழுதும் பெருகும். 1995இல் விண்டோஸ் 95 மென்பொருள் 13 நெகிழ்வட்டுகளிலும் விற்கப்பட்டது. நூறு வட்டுகளில் ஒன்று பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், 13 வட்டுகள் கொண்ட தொகுப்பில் ஒன்றேனும் பழுதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 12. ஒன்று கெட்டாலும் மற்றப் பன்னிரண்டும் வீண்!

தொலைபேசிக் கம்பி வழியாக இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நொடிக்கு 56 கிலோபிட் என்பதே அந்த இணைப்பின் உச்ச வேகம். அந்த வேகம் குறையாமல் கிடைத்தாலும் 650 மெகாபைட்டை இறக்க 27 மணி நேரம் ஆகும். இடையில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

தகட்டுக்கு வேறு இரண்டு சிறப்புகளும் உண்டு. ஒவ்வொரு 2,048 பைட் தகவலுடனும் பிழையைக் கண்டறியவும் திருத்தவும் 280 பைட்கள் சேர்த்துப் பதிக்கப்படுகின்றன. எனவே, சிறு கீறல் விழுந்த தகடும் பெரும்பாலும் பிழையின்றிப் படிக்கப்படுகிறது. மேலும், தொழிற்சாலையில் அச்சிட்ட தகட்டில் எவரும் எதையும் மாற்றி எழுத இயலாது. ஆகவே, அது கைமாறும் வழியில் நச்சுநிரல் தொற்றுவதற்கு இடமே இல்லை.

குறை எங்கே?

ஊடகம் சரி, ஆனால் அதை வழங்கிய முறையில் குறைகள் உண்டு. இணையம் இல்லாதவனுக்கென்று தகடு. அதைப் பெறும் வழியோ இணையத்தில்! கிணற்றடிக்குப் போனால்தான் குடம் கிடைக்கும் என்றால், கிணறு இல்லாத ஊர் என்ன செய்யும்?

இரண்டாவதாக, தமிழுக்குப் பின் இந்தி, தெலுங்கு முதலிய மொழிகளுக்குத் தனித்தனித் தகடுகள் வந்தன. ஓசூர் வட்டாரத்திலோ வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் பல. மொழிக்கொரு தகடு என்பது பெருநகரில் தோன்றும் எண்ணம். எல்லையூருக்கு அது பொருந்தாது.

மூன்றாவது குறை தகட்டின் இயல்பிலேயே உள்ளது. அச்சிட்ட பிழையைத் திருத்த முடியாது. மாற்றி எழுத முடியாமையே தகட்டின் பாதுகாப்பு. அதுவே அதன் குறையும் ஆகிறது.

இக்குறைகளைக் குறைக்க வழி இருந்ததா? இருந்தது. அதே 2005 முதல் 2011 வரை உபுண்டு என்னும் இயக்குதளத்தின் தகடுகள் உலகெங்கும் அஞ்சலில் இலவசமாக அனுப்பப்பட்டன. அவற்றையும் இணையத்தில்தான் கேட்டுப் பெறவேண்டும். ஆயினும், பிரதியெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்ற அழைப்பு அத்தகட்டின் உறையிலேயே அச்சாகியிருந்தது. இணையம் உள்ள ஒருவன் பெற்றால், இல்லாத பத்துப் பேருக்கு அது போய்ச் சேரும். ஆறு மாதத்துக்கொரு புதிய பதிப்பு வந்ததால் பிழை திருத்தமும் கிடைத்தது. உறையின்மேல் உள்ள ஒரு வாக்கியம் அஞ்சல்துறையின் வேலையைச் செய்தது எனலாம்.

இன்று என்ன செய்வது?

இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. அன்று அஞ்சலில் வந்த தகடு நல்ல நிலையில் இருந்தாலும், அதைப் படிக்கும் கருவியைத் தேடி அலையவேண்டும். 2016க்குப் பின் கைபேசி இணையம் மலிவாகிவிட்டது. ஆகவே, இணையம் ஒன்றே போதும் என்று பலர் கருதுகின்றனர். இதையும் ஆராயாமல் ஏற்பதற்கில்லை. கைபேசிச் செயலி எளிதில் இறங்கிவிடும். ஆனால், பள்ளிக் கணிப்பொறிகள் இருபதுக்கும் பல ஜிகாபைட் அளவுள்ள இயக்குதளத்தைத் தனித்தனியே இறக்குவது வீண்செலவு. ஒரு முறை இறக்கி, பென் டிரைவில் பதித்து, இருபதிலும் நிறுவுவதே அறிவுடைமை.

பென் டிரைவிலும் எச்சரிக்கை தேவை. அதில் யாரும் எழுதலாம், நச்சுநிரலும் எழுதிக்கொள்ளும். 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் இவ்வழியிலும் பரவியது. இதற்கு மருந்து, மென்பொருளுடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வெளியிட்டவர் தந்த எண்ணும் நம் கோப்பின் எண்ணும் ஒத்திருந்தால் அதை நம்பி நிறுவலாம்.

மாணவர்கள் நான்கு கேள்விகளை நினைவில் கொள்ளவேண்டும். பெறுபவரிடம் அதைப் படிக்கும் கருவி உண்டா? அவர் அதைப் பிறருக்குப் பிரதியெடுத்துத் தரலாமா? வழியில் கெடவில்லை என்று சோதிக்க முடியுமா? பிழை கண்டால் திருத்தம் அவரை எட்டுமா? 2005ஆம் ஆண்டுத் தகடு முதற் கேள்வியில் தேறியது; நான்காவதில் தவறியது. அனுப்புபவரின் கிடங்கில் நின்று ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். பேரிகையிலுள்ள பள்ளியின் வாசலில் நின்று தேர்ந்தெடுப்பதே முறை.