ஷமியை விற்ற காசில் ஒரு பேட்ஸ்மேன்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஐபிஎல் அணிகள் சொல்ல வேண்டிய கடைசி நாள். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்ததையும் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனதையும் பற்றியே நாடு முழுக்கப் பேச்சு. ஹைதராபாத் மாதாப்பூரில் மட்டும் வேறு பஞ்சாயத்து. ஹாஸ்டல்களும் டீக்கடைகளும் முட்டிக்கொண்டு நிற்கும் ஐயப்பா சொசைட்டி சந்துகளில் அன்று அடிபட்ட பெயர் முகமது ஷமி. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை லக்னோவுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஆள் யாரும் வரவில்லை, வந்தது பணம் மட்டும்.

"பத்து கோடி குடுத்து ஆறு விக்கெட். ஒரு விக்கெட் என்ன விலைன்னு நீயே கணக்குப் போடு மச்சி" என்றது ஒரு கட்சி. "சரி, புதுப் பந்தை யார் போடுவா? நீ வந்து போடுவியா?" என்றது இன்னொன்று. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் சென்னை அணியின் மஞ்சள் ஜெர்சிக்காரர்கள். ஆனாலும் சன்ரைசர்ஸ் தோற்கும் போதெல்லாம் அவர்களுக்குத்தான் இடி விழும். "ஓனர் உங்க ஊர்தானே அன்னா, நீங்களே போய்க் கேளுங்க" என்று தெலுங்கு நண்பர்கள் வம்புக்கு இழுப்பார்கள். ஹைதராபாத் பெயரில் ஆடும் அணிக்குச் சென்னை சன் டிவி முதலாளி. 2012-இல் டெக்கான் சார்ஜர்ஸ் கலைக்கப்பட்ட பிறகு ஆண்டுக்கு 85.05 கோடிக்கு ஏலம் கேட்டு வாங்கிய அணி இது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷமியை விற்றது சரி. அந்தக் காசில் வாங்கியதுதான் தப்பு.

ஷமி விஷயத்தில் ஓர் இரவைப் பார்த்தால் போதும். 2025 ஏப்ரல் 12, ஹைதராபாத் உப்பல் மைதானம், எதிரணி பஞ்சாப். சன்ரைசர்ஸ் வரிசையாக நாலு ஆட்டம் தோற்றிருந்த நேரம். கடைசி ஓவர் ஷமி கையில். கடைசி நாலு பந்தையும் ஸ்டாய்னிஸ் சிக்ஸருக்குத் தூக்கினார். ஓவர் முடிந்தபோது ஷமியின் கணக்கு: 4 ஓவர், 75 ரன், விக்கெட் இல்லை. அதுவரை ஐபிஎல்லில் இதைவிட அதிகம் கொடுத்திருந்தவர் ஒருவர்தான். மூன்று வாரத்துக்கு முன்பு இதே உப்பலில் ராஜஸ்தானுக்காக 76 கொடுத்த ஜோஃப்ரா ஆர்ச்சர். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அந்த ஆடுகளம் என்ன செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அன்றிரவு பஞ்சாபின் 245 ரன்னை சன்ரைசர்ஸ் 9 பந்து மிச்சம் வைத்து எட்டிப் பிடித்தது. அபிஷேக் சர்மா 55 பந்தில் 141. ஜெயித்துவிட்டதால் ஷமியின் 75 ரன் யார் மனதிலும் தங்கவில்லை.

ஆனால் சீசன் முழுக்க அதே கதைதான். 9 ஆட்டம், 6 விக்கெட், ஓவருக்கு 11.23 ரன். 2023-இல் குஜராத்துக்காக 28 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கியவர், அதே ஆண்டு உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்தவர், கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. விற்கும்போது வயது முப்பத்தைந்து. அவரை அதே பத்து கோடிக்கு எடுத்துக்கொள்ள இன்னோர் அணி முன்வந்தால் யோசிக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க பேஸ்பாலில் இப்படி ஆள் மாற்றும் கெடு ஜூலைக் கடைசியில், சீசன் பாதிக்கு மேல் போன பிறகு வரும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி அங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்த வருடத்தைக் கைகழுவிவிட்டு நட்சத்திரத்தை விற்பதா, இல்லை ஆள் வாங்கி முட்டி மோதிப் பார்ப்பதா. நட்சத்திரத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத இருபது வயதுப் பையன்கள் மூன்று நாலு பேர் வருவார்கள். அவர்கள் கீழ்மட்ட அணிகளில் பழுத்து மேலே வர வருடங்கள் ஆகும். ஐபிஎல்லில் சீசன் நடுவே அந்த வசதி இல்லை. காயம் பட்டவருக்குப் பதில் ஆள் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆடம் ஜாம்பாவுக்கு அடிபட்டு ஸ்மரண் வந்ததும், ஸ்மரணுக்கும் அடிபட்டு ஹர்ஷ் துபே வந்ததும் அப்படித்தான். ஏப்ரலில் செய்த தப்பைத் திருத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். ரசிகனின் கோபமும் ஏழு மாதம் ஊறி, ஒரே நாளில் வெடிக்கிறது.

அன்று வெடித்த இன்னொரு பெயர் ஹென்ரிக் கிளாசன். 23 கோடி. அவரை விட்டுவிடப் போகிறார்கள் என்று கெடுவுக்கு முன்பு செய்திகள் சுற்றின, கடைசியில் வைத்துக்கொண்டார்கள். இதில் மாதாப்பூர் மேதைகள் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். "மினி ஏலத்துல வெளிநாட்டு ஆளுக்கு 18 கோடிதான் உச்சவரம்பு. விட்டுட்டுத் திரும்ப எடுத்தா அஞ்சு கோடி மிச்சம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 18 கோடி வரம்பு வீரர் கைக்குப் போகும் தொகைக்கு மட்டும்தான். ஏலம் எவ்வளவுக்கு முடிகிறதோ அவ்வளவும் அணியின் பையிலிருந்து போகும், மிச்சம் வீரர் நல நிதிக்கு என்று கிரிக்கெட் வாரியம் எடுத்துக்கொள்ளும். டிசம்பரில் அபுதாபியில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தபோது அதுதான் நடந்தது. கொல்கத்தா உட்பட நாலு அணிகள் கையில் காசோடு காத்திருக்க, கிளாசனை ஏலத்தில் விட்டுத் திரும்ப எடுத்திருந்தால் 23-ஐத் தாண்டியிருக்கவும் வாய்ப்புண்டு. 2025-இல் 487 ரன் அடித்தவர் அவர். கடைசி ஆட்டத்தில் கொல்கத்தாவையே 105 ரன் அடித்து நொறுக்கியவர்.

இந்த அணி செய்த வியாபாரங்களில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால் பலருக்கும் நினைவே இருக்காது. 2018 சீசன் முடிந்ததும் ஷிகர் தவான் டெல்லிக்குப் போனார். அவருக்குப் பதில் மூன்று பேர் வந்தார்கள். நம் விஜய் சங்கர், சுழற்பந்து வீச்சாளர் ஷாபாஸ் நதீம், அப்புறம் 55 லட்சம் விலையுள்ள, பதினெட்டு வயது அபிஷேக் சர்மா. விஜய் சங்கரைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், அபிஷேக் ஓசியில் வந்தவர் மாதிரி. முதல் மூன்று வருடம் டெல்லிதான் சிரித்தது. தவான் 2019-இல் 521, 2020-இல் 618, 2021-இல் 587 ரன் அடித்தார். அபிஷேக் பெரும்பாலும் கீழ்வரிசையில் எப்போதாவது இறங்கிக்கொண்டிருந்தார். 2022 ஏலத்துக்கு முன்பு அவரை விட்டுவிட்டு, பிறகு 6.5 கோடி கொடுத்து மறுபடி வாங்கினார்கள். 2024-இல் 484 ரன், 42 சிக்ஸர். வியாபாரம் பலித்ததென்று தெரிய ஆறு வருடம் ஆனது. பேஸ்பால்காரன் கேட்டால் "இதைத்தானே நாங்கள் ஜூலை தோறும் செய்கிறோம்" என்பான்.

பேட்ஸ்மேன் விஷயத்தில் இந்த அணிக்கு மூக்கு உண்டு. டிராவிஸ் ஹெட்டை 6.8 கோடிக்கும் கிளாசனை முதலில் 5.25 கோடிக்கும் எடுத்த அணி இது. (13.25 கோடிக்கு ஹாரி புரூக்கை எடுத்ததும் இதே அணிதான். அதைச் சொல்லாமல் விட்டால் டீக்கடையில் அடி விழும்.) பந்துவீச்சாளர் என்று வந்துவிட்டால் ஏனோ கை நழுவிவிடுகிறது.

2016-இல் கோப்பை வாங்கித் தந்தது வார்னரின் 848 ரன் என்றுதான் ஊர் நினைக்கிறது. அந்த சீசனில் புவனேஷ்வர் குமார் 23 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கினார், அடுத்த வருடமும் அவரே 26 விக்கெட்டோடு வாங்கினார். 2017-இல் ரஷீத் கான் வந்தார். குறைந்த ரன்னை வைத்துக்கொண்டு எதிரணியின் கழுத்தை நெரிப்பதுதான் அன்றைய சன்ரைசர்ஸின் பெயர். 2021 நவம்பரில் ரஷீத்தை விட்டுவிட்டு, வில்லியம்சனை 14 கோடிக்கும் அப்துல் சமத், உம்ரான் மாலிக்கைத் தலா 4 கோடிக்கும் வைத்துக்கொண்டார்கள். ரஷீத் 15 கோடிக்குக் குஜராத் போனார், அடுத்த மே மாதமே கோப்பையைத் தொட்டார். இங்கே எட்டாவது இடம். ஒரு வருடத்தில் வில்லியம்சனையும் விட்டார்கள்.

ஹைதராபாத் மண்ணின் மைந்தன் சிராஜ் கதை இன்னும் எரிச்சலானது. 2017-இல் 2.6 கோடிக்கு எடுத்துவிட்டு அடுத்த ஏலத்தில் பெங்களூருவிடம் பறிகொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று குஜராத் ஜெர்சியில் உப்பலுக்கு வந்து 17 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்துவிட்டுப் போனார். முதல் ஓவரிலேயே ஹெட் காலி. ஆரஞ்சு சட்டை போட்டவர்களே கைதட்டினார்கள், சொந்த ஊர்ப் பையனாயிற்றே.

எல்லாவற்றுக்கும் மேல் 2024 நவம்பர் ஜெட்டா ஏலம். அதற்கு முன்பே ஐந்து பேரை வைத்துக்கொள்ள 75 கோடி செலவாகிவிட்டது: கிளாசன் 23, கம்மின்ஸ் 18, ஹெட், அபிஷேக் தலா 14, நிதீஷ் ரெட்டி 6. மொத்தப் பை 120 கோடி. ஏலத்தில் இஷான் கிஷன் 11.25. ஆக நாலு பேட்ஸ்மேன்களுக்கே 62.25 கோடி, பாதிக்கு மேல். முதல் நாள் ஷமியைப் பத்து கோடிக்கு எடுத்தார்கள். அன்றிரவே பை ஏறக்குறையக் காலி. மறுநாள் புவனேஷ்வர் பெயர் வந்தபோது கேட்க வழியில்லை. பெங்களூரு 10.75 கோடிக்கு எடுத்தது. பதினொரு சீசன் ஆடி, இந்த அணிக்காக அதிக விக்கெட் எடுத்தவரை 75 லட்ச வித்தியாசத்தில் விட்டார்கள். அவர் 17 விக்கெட் எடுத்துப் பெங்களூருவுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்ததில் பங்கெடுத்தார். ஷமிக்கு ஆறு.

நடராஜனை விட்டதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சின்னப்பம்பட்டிக்காரர் 2024-இல் 19 விக்கெட் எடுத்தவர் என்பது உண்மை. ஆனால் 10.75 கோடிக்கு அவரை எடுத்த டெல்லி அடுத்த சீசனில் இரண்டே ஆட்டம்தான் ஆட வைத்தது.

இந்தப் பின்னணியோடு டிசம்பர் 16, அபுதாபிக்கு வாருங்கள். சன்ரைசர்ஸ் கையில் 25.5 கோடி. ஷமியை விற்றிராவிட்டால் 15.5. முதல் சுற்றில் யாரும் கை தூக்காத லியாம் லிவிங்ஸ்டன் பெயர் மறுபடி வந்தபோது 13 கோடி வரை போய் எடுத்தார்கள். முந்தைய சீசனில் பெங்களூருவுக்காகப் பத்து ஆட்டத்தில் 112 ரன் அடித்தவர். சுழற்பந்தும் போடுவார், லெக் ஸ்பின், ஆஃப் ஸ்பின் இரண்டும். ஆனால் அவரைப் பந்துவீச்சுக்காக யாரும் 13 கோடி கொடுத்து வாங்குவதில்லை. அதே ஏலத்தில் ரவி பிஷ்ணோய் 7.2 கோடிக்குப் போனார். முஸ்தஃபிஸுர் 9.2. மேட் ஹென்றி, நோர்க்கியா, ஜேக்கப் டஃபி தலா 2 கோடி. சன்ரைசர்ஸ் 3.2 கோடியில் வைத்திருந்து வேண்டாம் என்று விட்ட ராகுல் சஹரை சென்னை 5.2 கோடிக்கு எடுத்தது.

பயிற்சியாளர் வெட்டோரியின் அடித்தாடும் முறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் 2024-ஐக் காட்டுவார்கள். மும்பைக்கு எதிராக 277, பெங்களூருவுக்கு எதிராக 287. இறுதி ஆட்டம் வரை போனது அந்த அடியால்தான், மறுக்கவில்லை. சேப்பாக்கத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் 113-க்குச் சுருண்டபோது அந்த ரன்னைக் காப்பாற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. 2025-இல் முதல் ஆட்டத்திலேயே 286 அடித்த அணி ஆறாவது இடத்தில் முடித்தது.

அடிக்கிற கைகள் ஏற்கெனவே நிறைய இருக்கும் அணியில் லிவிங்ஸ்டன் எங்கே இறங்குவார் என்பதைவிட எனக்கு இன்னொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது: அவருக்காக வெளியே போவது யார்? ஆடும் பதினொன்றில் வெளிநாட்டவர் நாலு பேர்தான். ஹெட், கிளாசன், முதுகு ஒத்துழைத்தால் கம்மின்ஸ். நாலாவது இடத்துக்கு இலங்கையின் ஈஷான் மலிங்கா இருக்கிறார். 1.2 கோடிக்கு வாங்கிய அந்தப் பையன் 2025-இல் ஏழே ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தான், ஷமி எடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 13 கோடி கொடுத்து வாங்கிய ஆளை எந்த முதலாளியும் வெளியே உட்கார வைக்க மாட்டார்.