நிற்கிற மரத்துக்குக் கன அடி சொல்லும் அண்ணாச்சி

கோவில்பட்டிக்கு மேற்கே, இளையரசனேந்தல் கரிசலில் ஒரு வேலை நடக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து சந்திக்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மரத்தை வெட்டுவதற்கு முன்பே அதில் எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போடுகிற வேலை. கனடாவின் மேற்குக் கடலோரக் காடுகளில் இதற்கென்றே ‘டிம்பர் குரூசர்’கள் உண்டு. நம் ஊரில் இதைச் செய்கிறவர் மரம் பார்க்கிற அண்ணாச்சி!

வரப்பில் ஒரு வேம்பு. “தம்பி, டேப்ப நெஞ்சு ஒசரத்துல பிடிங்க. தொய்யாம!” சுற்றளவு 52 அங்குலம். “மேல போகப் போகச் சிறுக்கும், பட்டையும் போகும்” என்று 4 அங்குலத்தைத் தள்ளினார். மிச்சம் 48. அதில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. அடிக்கு அடி பெருக்கினால் ஒரு சதுர அடி. அடுத்து நீளம். அவர் கை நீளத்துக்கு ஒரு குச்சி. கையை நீட்டி, அதைக் கண்ணுக்கு நேரே நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அடிமரத்திலிருந்து முதல் கவை வரை குச்சிக்குள் அடங்கிய இடத்தில் நின்றார். அங்கிருந்து மரத்துக்கு எவ்வளவு தூரமோ, கவைக்கு அவ்வளவு உயரம். அளந்தோம், 10 அடி. ஆக, 10 கன அடி!

உருளைக் கணக்குப்படி போட்டால் அதே தடியில் 12¾ கன அடி வருமே என்றேன். “அறுவை மில்லுல சிலாம்பும் தூளும் யார் கணக்கு?” என்று சிரித்தார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவென்று அந்தக் கால்சுற்றளவுக் கணக்கே ஒதுக்கிவைத்திருக்கிறது. என்ன கெட்டிக்காரத்தனம்!

ஆனால் என்னைச் சொக்க வைத்தது டேப் இல்லை, அவர் காது. அருவாளின் பின்புறத்தால் மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ‘ணங்’ என்றால் வைரம் பாய்ந்தது. ஒரு பக்கம் ‘தொப்’ என்றது. “உள்ள பொந்து” என்று விலையைக் குறைத்துவிட்டார். நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

சீமைக்கருவேலுக்குக் கன அடி கிடையாது, டன் கணக்கு. கரிமூட்டத்துக்குப் போகிற சரக்கு. முள்ளுக்குள் ஒவ்வொரு மரமாக யார் அளப்பது? நடுத்தரமாக ஓர் இடம் பார்த்து, ஒரு சென்ட் அளந்து வெட்டி எடை போடுகிறார். ஏக்கருக்கு நூறு சென்ட், மீதி மனக்கணக்கு. கனடாக் காட்டிலும் இதே தந்திரம்தான்: சிறு வட்டங்களை மட்டும் அளந்து காடு முழுவதற்கும் கணக்குச் சொல்கிறார்கள். அங்கே கரடி, இங்கே கருவேல முள். செருப்பைத் துளைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் விற்கிற மாதிரி வேம்போ வாகையோ நிற்கிறதா? வியாபாரி குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு டேப்பும் குச்சியும் எடுத்து நீங்களே அளந்துவிட்டு விலை பேசுங்கள்.